அவுட்டிங் விளையாட்டுகளைத் திங்கட்கிழமை வரை கொண்டுபோவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஆண்டுக்கு ஒருமுறை அலுவலகத்தில் யாராவது ஒருவர் தலையில் இந்தப் பொறுப்பு விழும்: "ரெண்டு நாள் அவுட்டிங். டீம் பில்டிங் கேம்ஸ் கொஞ்சம் இருக்கட்டும். நீங்களே பார்த்துக்கோங்க." உடனே ரிசார்ட்டுக்குப் போன் போகும், டி-ஷர்ட் அளவு கேட்டு எக்செல் ஷீட் சுற்றும், மட்டனா சிக்கனா என்று ஒரு வாரம் விவாதம் நடக்கும். விளையாட்டு மட்டும் பஸ்ஸில் போகும்போது கூகுளில் தேடி முடிவாகும். போய்வந்த மறுவாரமே அக்கவுண்ட்ஸுக்கும் சேல்ஸுக்கும் அதே பழைய சண்டை.

விளையாட்டு தானாக எதையும் கற்றுக்கொடுத்துவிடாது. ஆடி முடித்த கையோடு வட்டமாக உட்கார்ந்து பேசும் பேச்சில்தான் கற்பது நடக்கிறது. அந்தப் பேச்சுக்கு விஷயம் கொடுப்பதுதான் விளையாட்டின் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டு திட்டமிட்டால் பெரிய பட்ஜெட்டும் தேவையில்லை, வெளியிலிருந்து பயிற்சியாளரும் தேவையில்லை. சென்னையிலிருந்து 40 பேர் கொண்ட ஒரு நிறுவனம் ஏலகிரிக்கு இரண்டு நாள் போகிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆள் கூடினாலும் குறைந்தாலும் முறை இதேதான்.

படி 1: கோளாறு எங்கே என்று முதலில் கேளுங்கள்

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே, வெவ்வேறு பிரிவுகளிலிருந்து எட்டுப் பத்துப் பேரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். "டீம் ஸ்பிரிட் எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லோரும் "சூப்பர்" என்றுதான் சொல்வார்கள். "போன மாதம் எந்த வேலை இழுத்தடித்தது? எந்த மேசையில் வந்து நின்றது?" என்று கேளுங்கள். பதில்களை வரிசைப்படுத்தினால் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று மேலே வரும்: சொன்னது ஒன்று, போய்ச் சேர்ந்தது வேறு. ஒருவர் முடித்த வேலை அடுத்தவர் கைக்குச் சரியாக மாறவில்லை. தப்பு நடந்தால் சரிசெய்வதைவிட ஆளைத் தேடுவதுதான் முதலில் நடக்கிறது. திட்டம் போட்டே நேரம் போய், கடைசி நாளில்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். கீழே சொல்லும் விளையாட்டுகளில் ஒவ்வொன்றும் இவற்றில் ஒன்றைக் கண்முன் கொண்டுவரும். உங்களுக்குத் தேவையானவற்றை மட்டும் எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஓவர்டைம் பணம் வரவில்லை, ஒரு மேனேஜர் வாயைத் திறந்தால் வசவு என்பதுபோன்ற குறைகள்தான் அடியில் இருக்கின்றன என்றால், அதற்கு விளையாட்டில் மருந்து இல்லை. அந்த நிலைமையில் பலூன் உடைக்கச் சொன்னால் கோபம்தான் வரும். அதை நிர்வாகத்திடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.

படி 2: நாளும் இடமும்

முடிந்தால் வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டால், வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு வருகிறவர்கள் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டேதான் விளையாடுவார்கள். இரவு தங்க முடியாதவர்கள் இருந்தால் ஒருநாள் பயணமாகச் சுருக்குங்கள். பாதிப் பேர் இல்லாத இரண்டு நாளைவிட எல்லோரும் இருக்கும் ஒரு நாள் மேல்.

ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையேற 14 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் வாந்தி வருகிறவர்களுக்கு முன் இருக்கை கொடுங்கள். இறங்கியதும் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுங்கள். வழியில் ஆம்பூரில் பிரியாணி சாப்பிடாமல் யாரும் விடமாட்டார்கள். அதைத் தடுக்கவும் வேண்டாம். அதற்குப் பிறகு உடனே யோசிக்கும் விளையாட்டு எதையும் வைக்காமல் இருந்தால் போதும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கம் போகிறவர்கள் காலை பத்து மணிக்குள்ளோ மாலை நான்குக்குப் பிறகோ மணலில் விளையாடுங்கள். கடலில் இறங்கும் எதையும் நிகழ்ச்சியில் சேர்க்காதீர்கள். அந்தக் கரையில் அலையின் இழுப்பு மோசம். இடம் எதுவானாலும் மழை வந்தால் ஒதுங்க 40 பேர் வட்டமாக உட்காரும் அளவுக்கு ஒரு ஹால் இருக்கிறதா என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். அந்த ஹாலில் மேசை நாற்காலியை நகர்த்த விடுவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

படி 3: அணி பிரிப்பது

சேல்ஸ் ஒரு அணி, அக்கவுண்ட்ஸ் ஒரு அணி என்று பிரித்து மோத விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் ஒரு கோடை முகாம் நடத்தினார். 22 சிறுவர்கள், இரண்டு குழுக்கள். பேஸ்பால், கயிறு இழுத்தல் என்று போட்டிகள் தொடங்கியதும் திட்டு, கொடி எரிப்பு, அறைக்குள் புகுந்து சூறையாடல் வரை போனது. சேர்ந்து சாப்பிட வைத்தும் சேர்ந்து படம் பார்க்க வைத்தும் பகை குறையவில்லை. முகாமின் தண்ணீர்க் குழாயில் அடைப்பு என்றும், சாப்பாடு கொண்டுவரும் லாரி கிளம்பவில்லை என்றும் இரு தரப்பும் சேர்ந்தால்தான் தீரும் சிக்கல்களை உண்டாக்கிய பிறகுதான் குறைந்தது. லாரியை இழுக்க அவர்கள் எடுத்து வந்தது எந்தக் கயிற்றை என்கிறீர்கள்? முன்பு ஒருவரை ஒருவர் இழுத்துப் போட்டியிட்ட அதே கயிறு.

ஆகவே எல்லா அணியிலும் எல்லாப் பிரிவும் கலந்திருக்கட்டும். தினமும் சேர்ந்து டீ குடிக்கும் நான்கு பேரைப் பிரித்துப் போடுங்கள். அணிக்கு ஆறு ஏழு பேருக்கு மேல் வேண்டாம். மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து 1913-இல் எழுதியது இன்றும் பொருந்துகிறது: ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது. பன்னிரண்டு பேர் அணியில் நான்கு பேர் கைகட்டி வேடிக்கை பார்ப்பார்கள்.

டிரைவர் அண்ணன், ஆபீஸ் அசிஸ்டெண்ட் அக்கா, புதிதாகச் சேர்ந்த பயிற்சி ஊழியர் எல்லோரையும் அணியில் சேருங்கள். தமிழ் தெரியாத சக ஊழியர் இருந்தால் விதிகளை அவருக்குப் புரியும் மொழியிலும் ஒருமுறை சொல்லுங்கள். முதலாளியோ மேனேஜரோ எந்த அணிக்கும் கேப்டன் ஆகக்கூடாது. இதை அவரிடம் கிளம்புவதற்கு முன்பே தனியாகப் பேசி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். மைதானத்தில் வைத்துச் சொன்னால் இருவருக்கும் சங்கடம்.

படி 4: ஒப்புதலும் பாதுகாப்பும்

முதுகுவலி, கர்ப்பம், ரத்த அழுத்தம், முழங்கால் அறுவை சிகிச்சை என்று எதையும் எல்லோர் முன்னும் கேட்காதீர்கள். "எந்த விளையாட்டையும் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லலாம்" என்று முதல் நாளே அறிவியுங்கள். விளையாடாதவருக்கு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்துப் பார்வையாளர் ஆக்குங்கள். யார் முதலில் பேசினார், யார் சொன்னது காதில் விழவில்லை, எந்த நிமிடத்தில் திட்டம் மாறியது என்பதை அவர் குறிக்கட்டும். பின்னால் பேசும்போது மிகவும் பயன்படும் ஆள் அவர்தான்.

முதலுதவிப் பெட்டி, அருகிலுள்ள மருத்துவமனையின் எண், 108 கூப்பிட்டால் ரிசார்ட்டின் எந்த வாசலுக்கு வரச் சொல்ல வேண்டும் என்ற தகவல் மூன்றும் கையில் இருக்கட்டும். ஷூவும் ஓடியாட வசதியான உடையும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கேட்காமல் யார் படத்தையும் வலைத்தளத்தில் போடாதீர்கள். மது இருக்கும் இடமானால் விளையாட்டெல்லாம் முடிந்த பிறகுதான்.

சிலவற்றை அடியோடு தவிர்க்கலாம். கண்ணை மூடிப் பின்னால் சாய்ந்து, சக ஊழியர்கள் பிடிப்பார்கள் என்று நம்பி விழுவது ஒன்று. பிடி தவறினால் தலை தரையில். எல்லோரும் குறுக்கும் நெடுக்குமாகக் கைகோத்து முடிச்சை அவிழ்ப்பது இன்னொன்று. பெண்களில் பலருக்கு அது சங்கடம், வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். கபடி பார்க்க அருமையான ஆட்டம், ஆனால் பழக்கமில்லாத உடம்புக்கு முழங்காலும் கணுக்காலும் தாங்காது. கயிறு இழுத்தல் வைத்தே தீரவேண்டும் என்றால், கையில் கயிற்றைச் சுற்றிக்கொள்ள யாரையும் விடாதீர்கள். விரல் போய்விடும். தோற்றவர் மேடையில் ஆட வேண்டும் என்ற தண்டனையும் வேண்டாம்.

படி 5: விளையாட்டுகள்

தொடக்கத்துக்குக் குலை குலையா முந்திரிக்கா போதும். வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் சுற்றிவரும் அதே சின்ன வயசு ஆட்டம். துண்டு விழுந்தவர் எழுந்து துரத்தும்போது முன்னால் ஓடுகிறவரின் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தால் புதியவர்களின் பெயரும் பதிந்துவிடும். பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள்.

*மூன்று பேர் உறியடி.* செய்தி திரிந்துபோகும் அலுவலகத்துக்கு இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியவில்லை. பொங்கல் விழாவில் பார்த்த உறியடியைக் கொஞ்சம் மாற்றுகிறோம். மண்பானைக்குப் பதில் பொரியும் மிட்டாயும் நிரப்பிய துணிப்பை, கம்புக்குப் பதில் இறுக்கிச் சுருட்டிய செய்தித்தாள். பையைத் தோள் உயரத்தில் கட்டுங்கள்.

மூன்று பேர் ஒரு சங்கிலி. முதலாமவர் பையையும் ஆட்டக்காரரையும் பார்க்கலாம், ஆனால் பேசக்கூடாது, கைச்சைகை மட்டும். இரண்டாமவர் மைதானத்துக்கு முதுகு காட்டி நின்று முதலாமவரை மட்டும் பார்ப்பார், பேசலாம். மூன்றாமவருக்குக் கண்கட்டு. அவர் இரண்டாமவரின் குரலைக் கேட்டு நடந்து பையை அடிக்க வேண்டும். மீதி உறுப்பினர்கள் மூன்று மீட்டர் தள்ளி நின்று, அவர் தடுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம்.

முதல் சுற்றில் அமளிதான். "வலது" என்றால் யாருடைய வலது என்பதே தகராறாகும். இரண்டாமவர் எதிரே நிற்கிறவரின் கையைப் பார்த்துச் சொல்வதால் பக்கம் மாறிவிடும். அடுத்த சுற்றுக்கு முன் இரண்டு நிமிடம் பேச விடுங்கள். எந்தச் சைகைக்கு என்ன பொருள், ஒரு அடி என்றால் எவ்வளவு, சொன்னது கேட்டது என்பதற்கு என்ன அடையாளம் என்று அவர்களே விதி செய்துகொள்வார்கள். இரண்டாம் சுற்று வேகமாக முடியும். வாடிக்கையாளர் கேட்டதை ஒருவர் பார்த்து, இன்னொருவர் வாய்வழி சொல்லி, மூன்றாமவர் கண்ணால் காணாமலே வேலை செய்வது எந்த அலுவலகத்துக்கும் புதிதல்ல. மேனேஜரைக் கண்கட்டும் இடத்தில் நிறுத்துங்கள். அவர் கேட்பவராக மட்டும் இருக்கும் அந்த மூன்று நிமிடத்தைப் பற்றிப் பின்னால் நிறையப் பேச்சு வரும்.

*கோ-கோ.* வேலை கைமாறும்போது தவறவிடும் குழுக்களுக்கு. எட்டுப் பேர் ஒரு வரிசையில், ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்த் திசை பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், ஒன்பதாமவர் துரத்துவார். துரத்துகிறவர் நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது, எடுத்த திசையிலிருந்து திரும்பவும் கூடாது. மறுபக்கம் ஓடியவரைப் பிடிக்க விரைவான வழி, உட்கார்ந்திருப்பவரைப் பின்னாலிருந்து தொட்டு "கோ" என்று உரக்கச் சொல்லி வேலையை அவரிடம் ஒப்படைப்பது. தானே ஓடிப் பிடித்துவிடலாம் என்று நினைக்கிறவர் அணியைத் தோற்கடிப்பார். காத்திருப்பவர் கவனம் சிதறி உட்கார்ந்திருந்தாலும் அதே கதிதான். துரத்தும் வரிசைக்கே ஒன்பது பேர் வேண்டும் என்பதால் இதற்கு மட்டும் இரண்டு அணிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முறையான களம் தேவையில்லை, புல்தரையில் சுண்ணாம்புக் கோடு போதும். ஓட்டம் கூடாது, வேகநடைதான் என்று விதி வைத்தால் ஐம்பது வயதுக்காரரும் ஆடலாம்.

*இறங்க மறுக்கும் குழாய்.* ஆளைக் குற்றம் சொல்லும் பழக்கத்தை ஐந்தே நிமிடத்தில் வெளியே கொண்டுவரும். மூன்று மீட்டர் நீளத்தில், கையில் எடுத்தால் கனமே தெரியாத மெல்லிய வயரிங் குழாய் ஒன்று வாங்குங்கள். அணியில் இருப்பவர்கள் எதிரெதிராக நின்று ஆள்காட்டி விரலை மார்பு உயரத்தில் நீட்ட, அதன்மேல் குழாயை வையுங்கள். எல்லோர் விரலும் எப்போதும் குழாயைத் தொட்டபடி இருக்க வேண்டும், பிடிக்கக்கூடாது. தரையில் இறக்க வேண்டும், அவ்வளவுதான். குழாய் மேலே போகும்! தொடுகை விடக்கூடாது என்று ஒவ்வொருவரும் இம்மியளவு மேலே அழுத்துவதன் கூட்டுத்தொகை குழாயின் எடையைத் தாண்டிவிடுவதுதான் காரணம். "யாருப்பா தூக்குறது?" என்ற குரல் முதல் நிமிடத்திலேயே கேட்கும். அந்தக் கேள்வியை யார் கேட்டார்கள், எத்தனை முறை கேட்டார்கள் என்று பார்வையாளர் குறித்துக்கொள்ளட்டும். ஒரே குரல் எண்ணிச் சொல்ல, எல்லோரும் சேர்ந்து மெதுவாக முழங்காலை மடக்கினால் இறங்கும்.

*கோபுரம்.* பீட்டர் ஸ்கில்மன் வடிவமைத்து, டாம் வூஜெக் 2010-இல் டெட் (TED) என்ற உரை மேடையில் பேசிப் பரவலாக்கிய விளையாட்டு. 20 ஸ்பகெட்டிக் குச்சி (வேகவைக்காத நீள நூடுல்ஸ்), ஒரு கெஜம் டேப், ஒரு கெஜம் நூல், மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாய் ஒன்று, 18 நிமிடம். தானாக நிற்கும் உயரமான கோபுரத்தைக் கட்டி உச்சியில் மார்ஷ்மெல்லோவை வைக்க வேண்டும். நம் ஊரில் தென்னை ஈர்க்குச்சியும் சின்ன எலுமிச்சையும் போதும். ஈர்க்குச்சி வளையும், இரண்டு மூன்றாகச் சேர்த்துக் கட்ட வேண்டிவரும். அதனால் 40 குச்சியும் கூடுதல் டேப்பும் கொடுங்கள், நீங்களே வீட்டில் ஒருமுறை கட்டிப் பாருங்கள்.

வணிகப் பள்ளி மாணவர்களைவிட மழலையர் பள்ளியை முடித்த குழந்தைகள் நன்றாகக் கட்டுகிறார்கள் என்பது வூஜெக் சொன்னது. பெரியவர்கள் யார் தலைவர் என்று தீர்மானித்து, படம் வரைந்து, கடைசி நிமிடத்தில் உச்சியில் சுமையை வைப்பார்கள், கோபுரம் மடங்கும். குழந்தைகள் தொடக்கத்திலேயே மார்ஷ்மெல்லோவை வைத்து வைத்துப் பார்க்கிறார்கள். அவர் சொன்ன இன்னொரு செய்தி பரிசு கொடுக்க நினைக்கிறவர்களுக்கானது: ஒருமுறை 10,000 டாலர் மதிப்புள்ள மென்பொருளைப் பரிசாக அறிவித்தபோது பத்து அணிகளில் ஒன்றின் கோபுரமும் நிற்கவில்லை. கடலைமிட்டாய் பாக்கெட் போதும்.

உட்கார்ந்தே ஆட ஒன்று வேண்டும் என்றால், நிலவில் சிக்கிய விண்வெளிக் குழு 15 பொருள்களை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தும் பயிற்சி இருக்கிறது. முதலில் தனித்தனியாக எழுத வேண்டும், பிறகு குழுவாகப் பேசி ஒரே பட்டியல். நாசாவின் விடையில் ஆக்சிஜன் முதலாவது, தண்ணீர் இரண்டாவது, தீப்பெட்டி கடைசி. பெரும்பாலும் குழுப் பட்டியல் தனியாள் பட்டியல்களின் சராசரியைவிட விடைக்குப் பக்கமாக வரும். குழுவில் ஒருவரிடம் அதைவிட நல்ல பட்டியல் இருந்தும் அவர் வாய் திறக்கவில்லை என்றால், பேச வேண்டிய விஷயம் அங்கேதான் இருக்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை வைத்து இதை மாற்றலாம் என்று சிலருக்குத் தோன்றும். அந்த வெள்ளத்தில் வீட்டை இழந்தவர் குழுவில் இருக்கக்கூடும், விட்டுவிடுங்கள்.

படி 6: உட்கார்ந்து பேசுவது

ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஆடிய நேரத்துக்குக் குறையாமல் பேச நேரம் ஒதுக்குங்கள். நேரம் போதவில்லை என்றால் ஒரு விளையாட்டை வெட்டுங்கள், பேச்சை வெட்டாதீர்கள்.

டெர்ரி போர்ட்டன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-இல் எழுதிய மூன்று கேள்விகள் இதற்குப் போதும்: என்ன நடந்தது? அதனால் என்ன? இனி என்ன? வரிசையை மாற்றாதீர்கள். நம் கூட்டங்களில் முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்து, "கம்யூனிகேஷன் ரொம்ப முக்கியம்னு கத்துக்கிட்டோம் சார்" என்று ஒருவர் சொல்லி, கைதட்டி, டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்த வாக்கியம் வந்தால், "எந்த நிமிடத்தில் அப்படித் தோன்றியது?" என்று திருப்பிக் கேளுங்கள்.

முதல் கேள்விக்குக் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும்தான் பதில். பார்வையாளரின் நோட்டை இங்கே படியுங்கள், பெயர் சொல்லாமல். "மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் சுமையை முதலில் வைத்துப் பார்க்கலாம் என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை." இரண்டாவது கேள்வியில்தான் அலுவலகம் உள்ளே வரும்: "இதேமாதிரி போன மாதம் எங்கே நடந்தது?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். பத்து நொடி மௌனம் நடத்துகிறவருக்குத்தான் நீளமாகத் தெரியும். நீங்களே பதில் எடுத்துக் கொடுத்தால் அதன்பின் யாரும் பேசமாட்டார்கள்.

பதவியில் பெரியவர் கடைசியில்தான் பேச வேண்டும். சார் முதலில் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால், மற்ற எல்லோரும் அதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள். கூச்சமுள்ளவர்கள் அதிகம் என்றால் இரண்டிரண்டு பேராக மூன்று நிமிடம் பேசவிட்டு, பிறகு வட்டத்துக்கு வாருங்கள். பழைய சண்டை வெடித்தால் பயப்பட வேண்டாம். "அவர் எப்பவுமே இப்படித்தான்" என்று வந்தால், "இன்றைக்கு உறியடியில் என்ன செய்தார்?" என்று பேச்சை இன்றைய ஆட்டத்துக்கே இழுங்கள். ஒருவர் கண் கலங்கினால் இடைவேளை விட்டு, தனியாகப் போய்ப் பேசுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு ஒவ்வொரு அணியும் ஒரே ஒரு சீட்டு எழுத வேண்டும். "ஒற்றுமையாக இருப்போம்" செல்லாது. "ஆர்டரில் மாற்றம் வந்தால் போனில் சொல்லிவிட்டு, அன்று மாலைக்குள் எழுத்தில் அனுப்புவோம், வாங்கியவர் படித்ததாகப் பதில் போடுவார்" என்பது செல்லும். யார், எப்போது, எதை என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

படி 7: நேர அட்டவணை

சென்னையிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினால், சாப்பாடு, ஓய்வு எல்லாம் போக முதல் நாள் மாலை மூன்றரைக்கு ஆரம்பிக்கலாம். குலை குலையா முந்திரிக்கா, குழாய், பேச்சு, டீ, உறியடி, மறுபடியும் பேச்சு. ஆறரைக்கு முடித்துவிடுங்கள். இரவு கேம்ப் ஃபயரில் எந்தப் பாடமும் வேண்டாம். பாட்டு, அரட்டை, யாராவது மிமிக்ரி, அது அவர்களுடைய நேரம். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கோ-கோ, பேச்சு, குளியல், டிபன், பத்து மணிக்குக் கோபுரம், பதினொன்றரைக்குச் சீட்டு எழுதும் கடைசிப் பேச்சு, சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு மலையிறக்கம். இதற்குமேல் ஒன்றும் திணிக்காதீர்கள்.

படி 8: திங்கட்கிழமை

சீட்டுகளைத் தட்டச்சு செய்து எல்லோருக்கும் அனுப்புங்கள், ஒரு நகலை டீ குடிக்கும் இடத்தில் ஒட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒவ்வொரு அணியையும் பதினைந்து நிமிடம் கூட்டி, "நடக்கிறதா, எங்கே தடுக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு மாதம் ஆனதும் படி 1-இல் பேசிய அதே ஆட்களிடம் அதே கேள்வியைக் கேட்டு, பழைய குறிப்போடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடக்காமல் போன சீட்டுக்குக் காரணம் பெரும்பாலும் ஆட்களின் சோம்பலாக இருக்காது, அதைச் செய்யும் அதிகாரம் அந்த அணியிடம் இல்லாததாக இருக்கும். கூடுதலாக ஒரு ஆள் வேண்டும், மென்பொருளில் ஒரு அனுமதி வேண்டும் என்பதுபோல ஏதாவது. அப்படிப்பட்ட சீட்டை மேனேஜரிடம் கொண்டுபோய், எந்தத் தேதிக்குள் முடிவு சொல்வார் என்று கேட்டு, அந்தத் தேதியையும் சீட்டிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.